எல்லோருக்கும் இரண்டாவது ஆள்

பிறந்தநாள் விழா மண்டபங்களில் ஆண்களின் மேசைகள் ஒரு பக்கமும் பெண்களின் மேசைகள் மறுபக்கமும் தாமாகவே பிரிந்துவிடும். அவர் எந்தப் பக்கமும் உட்கார மாட்டார். நடுவில், சாப்பாடு வைத்திருக்கும் நீண்ட மேசையின் ஓரத்தில், கடதாசித் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பார். டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத் தமிழர்களில் அவரைத் தெரியாதவர் இல்லை. அங்கே நின்றபடிதான், அமெரிக்காவின் பழமைவாதக் கட்சி சனாதிபதித் தேர்தலுக்கு யாரை நிறுத்தும் என்பதைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்குவார்.

எங்களுக்கு இங்கே இருப்பது அரசர். சனாதிபதி என்று ஒருவர் இல்லை. அது அவருக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை.

"பிரைமறி எண்டது கட்சிக்காரர் தங்களுக்குள்ளை நடத்துற முன்தேர்தல்," என்று தொடங்குவார். "அதிலை வெண்டால்தான் பெரிய தேர்தல். முதல் மாநிலத்திலை எங்கட ஆள் மூண்டாவதாத்தான் வருவார். அங்கை முழுக்கத் தோட்டக்காரரும் சேர்ச்சுக்குப் போற சனமும். அது பரவாயில்லை. ரெண்டாவது மாநிலத்திலை யோசிக்கிற சனம் இருக்கு. அங்கை ரெண்டாவதா வருவார். பிறகு தோத்த மற்ற ஆக்களின்ர சனம் எல்லாம் இவரிட்டைத்தானே வரவேணும்? வேறை எங்கை போறது?"

எங்கட ஆள் என்பது எப்போதும் மிதவாதி. நான்கு வருடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுவார், குணம் மாறாது. ஒரு முறை, வரவு செலவைச் சரியாக வைத்திருந்த ஒரு ஆளுநர். இன்னொரு முறை, விவாத மேடையில் மற்றவர் பேசி முடியும்வரை காத்திருந்த ஒருவர். காத்திருந்ததால் அவருக்குப் பேச நேரமே கிடைக்கவில்லை. அதைத்தான் இவர் சிலாகித்துச் சொல்வார். "கருத்துக்கணிப்பைப் பாருங்கோ. எல்லாருக்கும் ரெண்டாவது ஆள் அவர்தான். ஒருத்தருக்கும் அவரிலை வெறுப்பில்லை."

வாக்குச்சீட்டில் ஒரு புள்ளடிதான் போடலாம், இரண்டாவது ஆளுக்கு இடம் இல்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதிலும் ஒரு ஞாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டிருப்பார்.

மாசி, பங்குனி வாக்கில் அவருடைய ஆள் போட்டியிலிருந்து விலகிவிடுவார். என் கணவர் அதற்காகவே காத்திருப்பார். கணவர் ஒரு ஜன்னல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வாரம் முழுக்கக் கண்ணாடியோடு பேசுவதால் சனி ஞாயிறுகளில் யாரையாவது சீண்டாவிட்டால் இருப்புக்கொள்ளாது.

"என்ன அண்ணை, உங்கட ஆள் வீட்டை போயிட்டாராம்?"

"போகேல்லைத் தம்பி. பிரசாரத்தை இடைநிறுத்தியிருக்கிறார்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அது அவையள் சொல்லுறேல்லை."

அவர் சிரிக்காமல்தான் சொல்வார். அந்த 'இடைநிறுத்தம்' எங்கள் வீட்டில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. பாத்திரம் கழுவுவதை இடைநிறுத்தியிருக்கிறேன் என்பார் என் கணவர்.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். இரத்த மாதிரிக் குழாயில் ஒட்டிய பெயரை இரண்டு தரம் பார்க்காமல் எதையும் வைக்க மாட்டேன். ஒரு மனிதரைப் பற்றி எழுதும்போதும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. இளக்காரமாக எழுதுகிறேனோ என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. அது உண்மை. ஆனால் பார்க்கப் பார்க்க, அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு அது ஒன்றுதான் மிஞ்சுகிறது.

ஒரு துணி ஆலையில் அவர் மேற்பார்வையாளராக இருந்தார். அதை மூடப்போகிறார்கள் என்றபோது, முதலாளிக்கும் தொழிலாளருக்கும் நடுவில் பேச அவரைத்தான் அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் அவருக்கு நன்றி சொன்னது. ஆலையை மூடினார்கள்.

பிறகு தமிழ்ப் பாடசாலையில் பிரச்சினை வந்தது. நிர்வாகம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு தரப்பும் ஒரே சனிக்கிழமை, ஒரே பின்னேரம், ஆண்டு விழா வைத்தன. அவர் ஒரு மண்டபத்தில் விளக்கேற்றிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய் மற்ற மண்டபத்திலும் விளக்கேற்றினார். இரண்டு மேடையிலும் ஒரே பேச்சு: ஒற்றுமை. இன்று இரண்டு பாடசாலைகள் இருக்கின்றன. இரண்டிலும் வகுப்பு நடத்தப் போதிய பிள்ளைகள் இல்லை.

"அவரிட்டை ஒண்டும் கேக்காதை பிள்ளை," என்று அவருடைய மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னார். அன்ரி முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர், நேரே பேசுகிறவர். "அந்தாள் தன்ர சப்பாத்துக்கே எது வலது எது இடது எண்டு தீர்ப்புச் சொல்லாது."

வீடுகளுக்கு வந்தால் அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. தேநீர் வேண்டுமா என்று கேட்டால், "வேண்டாம் பிள்ளை, உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்பார். மறுபடி கேட்டால், "இப்பதான் வீட்டிலை குடிச்சிட்டு வந்தனான்." மூன்றாம் தரம் கேட்டால், "அப்ப ஒரு அரைக் கோப்பை." அரைக் கோப்பை கொடுத்தால் முகம் வாடிவிடும். நிறையக் கொடுக்கவேண்டும், சீனி இரண்டு கரண்டி. எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான். என் அப்பாவும் இப்படித்தான். ஆனால் இவர் இதை ஒரு பூசை மாதிரி, ஒரு படியும் தவறாமல் செய்வார்.

வேடிக்கை என்னவென்றால், புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பற்றி எச்சரிக்கை செய்வதும் அவர்தான். ஊரிலிருந்து கலியாணம் கட்டி வந்த பெண்களை நிறுத்தி வைத்துச் சொல்வார். எனக்கும் சொன்னார், நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்பது அவர் நினைவுக்கு வருவதற்குள் கதை பாதி முடிந்துவிட்டது.

"டெனிஷ்காரரிட்டை ஒருக்கால் 'நை தாக்' எண்டு சொன்னால் முடிஞ்சுது. வேண்டாமெண்டால் வேண்டாம்தான். திருப்பிக் கேக்கமாட்டினம். நான் வந்த புதிசிலை வேலையிடத்திலை கோப்பி வேணுமோ எண்டு கேட்டவை, மரியாதைக்கு வேண்டாமெண்டனான். பிறகு ஒரு கிழமையா ஒருத்தரும் கேக்கேல்லை. எல்லாரும் குடிக்கினம், நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

என் மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, காது நல்லது, புத்தி நல்லது என்றார்கள். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். தமிழ் என்றேன். ஒருத்தி அது நல்லது என்றாள். இன்னொருத்தி யோசித்துவிட்டு, டெனிஷும் பேசிப் பாருங்கள் என்றாள். என் மாமியார், வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகள் இப்படித்தான் என்றார். நான் ஒரு வாரம் டெனிஷ் பேசினேன், அடுத்த வாரம் தமிழ் பேசினேன், பிறகு இரண்டு வாரம் அவனோடு அளவாகவே பேசினேன், எதைப் பேசினாலும் தவறாகிவிடும் என்ற பயத்தில்.

எங்கள் பகுதியில் ஒரு பாலர் பள்ளியில், பேச்சுத் தாமதமான பிள்ளைகளுக்கென்று நகரசபை ஒரு சின்னக் குழு நடத்திவந்தது. அங்கே நரைத்த பின்னல் போட்ட ஒரு டெனிஷ் பெண் தரையில் சம்மணம் கொட்டி உட்கார்ந்திருப்பாள். அவசரப்படுத்த மாட்டாள். என் மகன் குழாயைக் காட்டினால் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பாள். ஒருநாள் அவன் 'தண்ணி' என்றான். அவளுக்கு அது என்னவென்று தெரியாது. பின்னேரம் நான் அவனைக் கூப்பிடப் போனபோது கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் அவனிடம் கோப்பையை நீட்டி, 'தண்ணி' என்று சொன்னாள். பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. அவன் சிரித்தான் என்றாள். நான் காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

அந்தக் குழுவை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அந்த வருடம்தான் வந்தது.

எங்கள் ஊரில் எத்தனையோ காலமாக ஒரே கட்சியிலிருந்துதான் மேயர் வருகிறார். பழமை பேணும் கட்சி. கட்சிக்குள் யாரை முதல் ஆளாக நிறுத்துகிறார்களோ அவரே மேயர், பெரிய தேர்தல் ஒரு சடங்கு. இருந்த மேயர் ஓய்வு பெற்றார். அடுத்தவராக வர நின்றவர் ஒரு பன்றிப் பண்ணைக்காரர். பெரிய உருவம், பெரிய குரல். உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் ஒளிக்காமல் சொன்னார்: இந்தச் சின்னக் குழுக்கள் ஆடம்பரம். பிள்ளைகளைச் சாதாரணப் பாலர் பள்ளிகளில் பிரித்துப் போடவேண்டும். பெற்றோர் வீட்டில் டெனிஷ் பேசவேண்டும்.

நம்முடைய மனிதரும் அந்தக் கட்சியில்தான் இருந்தார். எதற்கு என்று கேட்டால், "எங்கட சனமும் பழமை பேணுற சனம்தானே. கலியாணம், கோயில், சேர்ச், பிள்ளையளின்ர படிப்பு. நாங்கள்தான் உண்மையான கட்சிக்காரர்" என்பார். கட்சிக்குள் கொஞ்சம் மென்மையான ஆட்களும் இருந்தார்கள். பண்ணைக்காரரின் குரல் பிடிக்காதவர்கள். அவர்களுக்கு ஒரு மிதவாதி தேவைப்பட்டார், யாருக்கும் வெறுப்பில்லாத ஒருவர். அவரைக் கேட்டார்கள்.

என் மகனையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"மாமா, நீங்கள் வந்தால் அந்தக் குழுவை மூடாமல் விடுவியளோ?"

அவர் மகனைப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டார். "ரெண்டு பக்கமும் ஞாயம் இருக்குப் பிள்ளை. நகரசபைக்கும் செலவைப் பாக்கத்தானே வேணும்." அன்ரி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். உடனே மாமா, "ஆனால் மூடாமல் பாக்கலாம்" என்றார்.

அவர் வாயிலிருந்து அவ்வளவு உறுதியான வாக்கியத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதைப் பிடித்துக்கொண்டேன்.

வேட்பாளரைக் கட்சிக் கூட்டத்தில் உறுப்பினர்கள்தான் தெரிவு செய்வார்கள். குறித்த நாளுக்கு முன் சேர்ந்தவர்களுக்கு வாக்கு உண்டு. எனவே நான் வீடு வீடாகப் போனேன். மகன் பின் இருக்கையில், நான் முன்னால். எங்களைப் பற்றி என்னவெல்லாமோ சொல்லும் ஆட்கள் இருக்கிற கட்சியில் சேரச் சொல்லி எங்கள் ஆட்களிடமே கேட்பது சரியா என்று ஒவ்வொரு வாசலிலும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே மணியை அழுத்தினேன். சனங்கள் கேள்வி கேட்கவில்லை. "அவருக்கெண்டால் சரி" என்றார்கள். நல்ல மனிதர் என்றார்கள். இந்துக்கள் சேர்ந்தார்கள், கத்தோலிக்கர் சேர்ந்தார்கள், இரண்டு தமிழ்ப் பாடசாலைக்காரரும் சேர்ந்தார்கள். அவரால் எங்கள் ஆட்கள் ஒன்றுபட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

கூட்டம் விளையாட்டு மண்டபத்தின் சிற்றுண்டிச்சாலையில் நடந்தது. நாங்கள் நேரத்துக்குப் போனோம். எங்கள் ஆட்கள் நேரத்துக்கு வந்த இன்னொரு நிகழ்ச்சியை எனக்கு ஞாபகமில்லை. ஈயத்தாள் மூடிய தட்டங்களில் சிற்றுண்டியாக றோல்ஸும் பற்றிஸும் வந்தன. கிளைத் தலைவி, குட்டை முடியும் மூக்கு நுனியில் கண்ணாடியும் வைத்த ஒரு ஓய்வுபெற்ற அம்மா, அந்தத் தட்டங்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மேலதிகக் கதிரைகள் கொண்டுவரச் சொன்னார். முதலில் எல்லோரும் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடினோம். நாங்கள் வாயசைத்தோம்.

மண்டபத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாலே தெரிந்தது, அவர் வென்றுவிட்டார். பண்ணைக்காரரும் பார்த்தார். அவருடைய பெரிய கழுத்து சிவந்தது.

ஒருவர் எழுந்து பண்ணைக்காரரின் பெயரைச் சொன்னார். ஏற்றுக்கொள்கிறீர்களா என்று தலைவி கேட்டார். "ஓம். நன்றி," என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். கதிரை முனகியது.

அடுத்து, ஒரு வயதான டெனிஷ்காரர் எழுந்து நம்முடைய மனிதரின் பெயரைச் சொன்னார். நல்லதாக நாலு வார்த்தையும் சொன்னார். தலைவி கண்ணாடிக்கு மேலால் பார்த்து, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

அவர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். சுத்தமான டெனிஷில் பேசினார். இது தனக்குப் பெரிய மரியாதை. ஆனால் தன்னைவிடக் கட்சிக்கு உழைத்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். எதிரே இருப்பவரும் நல்லவர். கட்சியைப் பிரித்தவன் என்ற பெயர் தனக்கு வேண்டாம். தான்தான் வரவேண்டும் என்று இல்லை.

அப்படியே, தலையைக் கொஞ்சம் சாய்த்து, புன்னகையோடு நின்றார்.

அந்தப் புன்னகையை எனக்குத் தெரியும். எங்கள் மேசைகளில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தேநீர்த் தட்டம் முதல் தரம் வரும்போது அவர் முகத்தில் இருக்கும் புன்னகை.

தலைவி பேனாவை எடுத்தார். "அப்படியென்றால் நீங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. புரிந்தது."

என் கணவரின் முழங்கையை இடித்தேன். "எழும்பிச் சொல்லுங்கோ."

"என்னத்தைச் சொல்ல? அந்தாள் வேண்டாமெண்டு சொல்லுது."

"அது வேண்டாம் இல்லை."

"அது எனக்குத் தெரியும். அந்த மனிசிக்கு எப்பிடித் தெரியும்?"

நான் கையை உயர்த்தினேன். அவர் மரியாதைக்காகத்தான் அப்படிச் சொல்கிறார், எங்களில் அது வழக்கம், தயவுசெய்து அவரிடம் இன்னொரு தரம் கேளுங்கள் என்றேன். டெனிஷ்காரர்கள் மெல்லச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. தலைவியும் பேனாவைக் கீழே வைத்தார். நல்ல பெண்மணி. அவர் பக்கம் திரும்பி, நிறுத்திக் கேட்டார்: "இது சரியா? நீங்கள் ஏற்றுக்கொள்ள விரும்புகிறீர்களா?"

இரண்டாம் தரம். ஒரு டெனிஷ்காரி இரண்டாம் தரம் கேட்டதை நான் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். பண்ணைக்காரரைப் பார்த்தார். மண்டபம் முழுவதையும் ஒரு தரம் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது. இரண்டாம் தரத்திலேயே பாய்ந்து வாங்குகிறவன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது.

"நான் விரும்புகிறேன் என்று சொல்வது பொருத்தமில்லை," என்றார். "சபை எப்படி நினைக்கிறதோ அப்படி."

மூன்றாம் தரத்துக்காக நின்றார்.

"சபை வேட்பாளர்களில் ஒருவரைத்தான் தெரிவு செய்யலாம்," என்றார் தலைவி, பொறுமையாக. "நன்றி. அப்படியானால் நமக்கு ஒரு வேட்பாளர்தான்."

கைதட்டினார்கள். அவருக்குத்தான் தட்டினார்கள், நீண்ட நேரம். கட்சியைப் பிரிக்காமல் ஒதுங்கிய பெருந்தன்மைக்கு. பண்ணைக்காரர் மண்டபத்தைக் கடந்து வந்து அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். அவரும் குலுக்கினார். எங்கள் ஆட்களிலும் பாதிப் பேர், என்ன நடந்தது என்று தெரியாமல், அவர் வென்றுவிட்டார் என்று நினைத்துத் தட்டினார்கள்.

என் மகன் அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டான்.

றோல்ஸும் பற்றிஸும் நன்றாகப் போயின. பண்ணைக்காரரே தட்டு நிறைய எடுத்தார், யாரும் இரண்டு தரம் கேட்கவேண்டி இருக்கவில்லை. வெளியே கார் நிறுத்துமிடத்தில் காற்று அள்ளிக்கொண்டு போனது. அன்ரி வெறுந்தட்டங்களைக் காரின் பின்பக்கத்தில் எறிந்தார்.

"ஏன் மாமா?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை, இன்னொருக்கால் கேட்டிருந்தால்…"

"மூண்டாந்தரம் கேக்கிறதுக்கு அது என்ன உங்கட மருமகள் வீடே?" என்றார் அன்ரி. "அந்த மனிசி ரெண்டாந்தரம் கேட்டதே இந்தப் பிள்ளை வாய்விட்டுக் கேட்டதாலை. ஏறுங்கோ காரிலை."

என் கணவருக்கு நாக்கு அடங்கவில்லை. "விலகேல்லை அன்ரி. அண்ணை இடைநிறுத்தியிருக்கிறார்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும், நல்ல பகிடி என்பது போலத் தலையை ஆட்டினார்.

பண்ணைக்காரர் மேயரானார். செய்வேன் என்றதைச் செய்தார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு முடிவும் இருந்தது. நம்முடைய மனிதர்மேல் வந்ததுதான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாத கோபம். யாரிடம் சொன்னாலும், பாவம், நல்ல மனிதர் என்றார்கள். அமெரிக்காவிலும் அந்த மிதவாதிகளைப் பற்றி இப்படித்தான் சொல்லியிருப்பார்கள், வீட்டில் கதிரையை விட்டு எழும்பாமல்.

கோடை விடுமுறையோடு குழுவைக் கலைத்தார்கள். பின்னல் போட்ட பெண்ணை வேறு ஊருக்கு மாற்றினார்கள். என் மகன் ஒரு பெரிய பாலர் பள்ளிக்குப் போனான். நல்ல இடம்தான், வெளிச்சமான இடம். அங்கேயும் நல்ல பெண்கள். ஆனால் அவர்களுக்கு நிறையப் பிள்ளைகள். நான் கூப்பிடப் போகும்போது பல நாள் அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வரும் கார்களைப் பார்த்தபடி நிற்பான். அவன் குழாயைக் காட்டினால் அவர்கள் உடனே தண்ணீர் கொடுத்துவிடுவார்கள். சொல்லும்வரை காத்திருக்க நேரம் இல்லை. 'தண்ணி' எப்போது நின்றது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நான்தான் கவனிக்காமல் விட்டேனோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.

மாமாவும் அன்ரியும் லண்டனில் இருக்கும் மகளிடமே போய்விடுவதாக முடிவு செய்தார்கள். அன்ரிதான் முடிவு செய்திருப்பார். போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, சொல்லிக்கொண்டு போக அவர் மட்டும் வந்தார். என் கணவர் வெளியே போயிருந்தார். மாமா சோபாவின் நடுவில் உட்கார்ந்தார்.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ மாமா?"

"வேண்டாம் பிள்ளை, உங்களுக்கு ஏன் கரைச்சல்."

"சரி மாமா," என்று எதிரே உட்கார்ந்தேன்.

அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். குசினிப் பக்கம் பார்த்தார். பிறகு, ஒன்றும் நடக்காதது போல, மகனைப் பற்றிக் கேட்டார். "கதைக்கிறானோ?"

"கொஞ்சம்."

"எல்லாம் வரும். அவசரப்படக் கூடாது."

"அந்தக் குழு இருந்திருந்தால் வந்திருக்கும்."

"ஓம், அதிலையும் ஞாயம் இருக்கு," என்றார். மறுபக்கத்து ஞாயத்தையும் சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு பேச்சை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அடுத்த முறைக்கு அந்தக் கட்சியில் ஒருவர் தலை காட்டுகிறாராம். அமைதியான ஆள். சத்தம் போட மாட்டார். "முதல் மாநிலத்திலை கஷ்டம்தான். ஆனால் பாருங்கோ பிள்ளை, எல்லாருக்கும் ரெண்டாவது ஆள் அவர்தான்."

"அப்ப வெல்லுவாரோ?"

"சனம் கடைசியிலை நடுவுக்குத்தான் வரும்."

மகன் உள்ளிருந்து வந்தான். கையில் ஒரு பிஸ்கட், ஓரம் கடித்தது. அவருக்கு முன்னால் நின்று, ஒன்றும் சொல்லாமல், கையை நீட்டினான்.

"வேண்டாம் ராசா, நீங்கள் சாப்பிடுங்கோ," என்றார் அவர். சொல்லும்போதே அவருடைய கை பாதித் தூரம் வந்திருந்தது.

மகன் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பிஸ்கட்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் கை மடிக்குத் திரும்பியது. புன்னகை அப்படியே இருந்தது. எனக்குத் தொண்டைவரை வந்தது, இன்னொரு தரம் கேட்கலாம் என்று. எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் வெறும் வயிற்றோடு போனதில்லை, அம்மா கேட்டால் என்ன சொல்வாள் என்றெல்லாம் வந்தது. தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகும்.

கேட்கவில்லை.

"அப்ப நான் வாறன் பிள்ளை," என்று எழுந்தார். வாசலில் குனிந்து ஒரு சப்பாத்தைப் போட்டார், நிறுத்தினார், மற்றதைப் போட்டார், இரண்டு நாடாக்களையும் அவிழ்த்து மறுபடி கட்டினார். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.